ஐந்தாவது ஈட்டில் தெளிந்த பீர்

மூன்று நாள் தொடர்ந்து அளந்தேன். மூன்று நாளும் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி; தண்ணீருக்கு 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும்) 1.011-லேயே நின்றது. அப்புறம்தான் பாட்டிலில் அடைத்தேன். அடைத்து மூன்று வாரம் ஆன பிறகு, நேற்று முதல் பாட்டிலைத் திறந்தேன். மூடி சின்னதாக ஒரு ‘உஸ்’ சத்தத்தோடு கழன்றது. நுரை கழுத்தைத் தாண்டி வரவில்லை. தம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, பின்னால் இருந்த குறிப்பேட்டின் எழுத்தைப் படிக்க முடிந்தது.

வீட்டில் பீர் வடிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இது ஐந்தாவது ஈடு. முந்தைய நான்கில் மூன்று கெட்டன, ஒன்று அரைகுறையாக வந்தது. எது எங்கே தப்பியது என்று குறித்து வைத்திருப்பதால் வரிசையாக எழுத முடிகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், சாமான் வாங்கும் வரிசையை எடுத்துக்கொள்ளட்டும். நான் அடுப்பில் ஏறும் பொருள்களுக்கு முதலில் செலவழித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நடப்பதில்தான் பீர் தேறுவதும் கெடுவதும் இருக்கிறது என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் வடிப்பது எல்லா இடத்திலும் அனுமதிக்கப்பட்டதல்ல. சில நாடுகளில் தடையில்லை, சில நாடுகளில் அளவுக்கு வரம்பு உண்டு, சில இடங்களில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். தொடங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

முதல் ஈடு: டப்பா மால்ட்

புதியவர்களுக்கென்று மொத்தமாகக் கட்டி விற்கும் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வாளியின் அடியில் ஒரு குழாய், மூடியில் செருகும் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்), வாளியின் வெளிப்புறம் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, பாட்டில் மூடியை அழுத்தும் இரட்டைக் கைப்பிடிக் கருவி, நூறு மூடிகள், 1.7 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டப்பா ஒன்று, டப்பா மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம் ஆகியவை இருந்தன. ஹைட்ரோமீட்டர் இல்லை. தனியாக வாங்கச் சொல்லியிருந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன்.

செய்முறை மிக எளிது. டப்பாவைச் சுடுநீரில் வைத்து இளக்கி, ஒரு கிலோ சர்க்கரையோடு மூன்று லிட்டர் கொதிநீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, 23 லிட்டர் வரை குளிர்ந்த தண்ணீர் சேர்த்து ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு டப்பாவிலேயே சேர்ந்திருப்பதால் காய்ச்சும் வேலை இல்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஈஸ்ட் போடும்போது கரைசல் 31 டிகிரியில் இருந்தது. ஆறட்டும் என்று காத்திருக்கவில்லை.

அறை 27 டிகிரி. மறுநாள் வாளிப் பட்டை 30 காட்டியது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளியாகும். வேகமான முதல் இரண்டு நாளில் வாளிக்குள் அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை கூடுதலாக இருக்கும். ஐந்தாம் நாள் ஏர்லாக்கில் குமிழி நின்றது. நொதித்தல் முடிந்தது என்று முடிவு செய்து ஆறாம் நாள் பாட்டிலில் அடைத்தேன். வாயு உண்டாவதற்காக ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை.

பீர் நீர்த்துப் போயிருந்தது. காய் ஆப்பிள் மணம் தூக்கலாக இருந்தது, விழுங்கியபின் தொண்டை சுட்டது. சில பாட்டிலில் வாயுவே இல்லை, சில பாட்டிலைத் திறந்ததும் பாதி பீர் மேஜையில். காரணங்கள் எல்லாம் எளியவை. அதிக வெப்பத்தில் ஈஸ்ட் வேண்டாத மணங்களை உண்டாக்கியது. முடிவதற்கு முன்பே நான் அடைத்துவிட்டேன். ஏர்லாக் குமிழி நிற்பது முடிந்ததற்கு அடையாளமே அல்ல. மூடியின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் வாயு ஓரமாகப் போய்விடும், குமிழி தெரியாது. தேக்கரண்டிச் சர்க்கரை, கரண்டிக்குக் கரண்டி மாறும்.

இந்த ஈட்டில் சரியாகச் செய்தது பாட்டில் சேகரித்தது மட்டும். 500 மில்லி பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் லேபிள் தானாக நழுவும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியை ஒதுக்கினேன். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து பீரில் துர்நாற்றம் ஏறும். திருகித் திறக்கும் வாய் உள்ளவையும் வேண்டாம். மூடி அழுந்தினாலும் வாயு கசியும்.

இரண்டாம் ஈடு: பொங்கிய பானை, மருந்து வாடை

இந்த முறை ஹைட்ரோமீட்டரும் அளவைக் குழலும் வாங்கினேன். பெட்டியில் இருந்த எதையும்விட மலிவு. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது. நொதிக்கும் முன் ஓர் அளவு, முடிந்தபின் ஓர் அளவு. இரண்டின் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிட்டத்தட்ட வந்துவிடும். கண்ணாடித் தண்டில் வாயுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் குழலில் விட்டதும் விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட வேண்டும். என்னிடம் இருப்பது 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 30 டிகிரியில் அளந்தால் இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும்.

டப்பாவை விட்டுவிட்டு, 2.4 கிலோ உலர் மால்ட் தூள், 250 கிராம் கிரிஸ்டல் மால்ட் (நிறமும் இனிப்பும் தரும் வறுத்த மால்ட்), கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் வாங்கினேன். கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி 68 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கொதி வரும் முன் எடுத்துவிட வேண்டும். உமியோடு கொதிக்க விட்டால் துவர்ப்பு இறங்கும். இது சரியாக வந்தது.

பானை 10 லிட்டர். அதில் 7 லிட்டர் வைத்துக் கொதிக்கும் நீரில் மால்ட் தூளைக் கொட்டினேன். தூள் ஆவி பட்டதும் கட்டியாகிக் கரண்டியில் ஒட்டியது. ஹாப்ஸ் போட்ட அடுத்த நிமிடம் நுரை எழுந்து பானையைத் தாண்டி அடுப்பெல்லாம் வழிந்தது. காய்ந்த வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் கரைசலை, சுரண்டி எடுக்க மறுநாள் ஒரு மணி நேரம் பிடித்தது. இப்போது அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைக் கரைக்கிறேன். கொதி எழும்போது பக்கத்திலேயே நின்று, ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு நுரை மேலே பீய்ச்சுகிறேன். முதல் பத்து நிமிடம் தாண்டிவிட்டால் நுரை அடங்கிவிடும்.

கொதித்த 7 லிட்டரைக் குழாய்த் தண்ணீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்கினேன். தொடக்க அளவு 1.046, முடிவு 1.014. இரண்டு வாரம் விட்டேன். எண்களைப் பார்த்து மனம் நிறைந்தது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை. ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன், போகவில்லை.

காரணம் தண்ணீரில் இருந்த குளோரின். குடிக்கும்போது நமக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அது மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் பீனால் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் உண்டாகும் குளோரோபீனாலை நாக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். இது போதாதென்று நான் வாளியைச் சலவை பிளீச்சால் கழுவியிருந்தேன். பிளீச்சை அன்றே விட்டேன். தண்ணீருக்குக் கேம்டன் மாத்திரை. ஒரு மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். 20 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடத்தில் குளோரின் போய்விடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குளோரின் வெளியேறும். ஆனால் சில இடங்களில் தண்ணீரில் சேர்க்கும் குளோரமின் அப்படி எளிதில் போகாது, மாத்திரை அதையும் பிடிக்கும். சாமான் பட்டியலிலேயே மிக மலிவான பொருள் இது. இருபது லிட்டர் பீர் இதனால் வீணானது.

மூன்றாம் ஈடு: குழாய்க்குள் இருந்தது

செய்முறையை மாற்றவில்லை. அதே தூள், அதே மால்ட், அதே ஹாப்ஸ். மாற்றியவை மூன்று: தண்ணீருக்கு மாத்திரை, கிருமி நீக்க பாஸ்பாரிக் அமிலத்தாலான கழுவத் தேவையில்லாத திரவம், வெப்பத்துக்கு ஒரு தொட்டி.

தொட்டி என்றால் வாளியை உள்ளே வைக்குமளவு அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டிதான். அதில் பாதி உயரத்துக்குத் தண்ணீர், வாளியைச் சுற்றி ஒரு பழைய பனியன், பனியனின் நுனி தண்ணீரில். காலையில் ஒரு லிட்டர் உறைநீர்ப் பாட்டில் இரண்டு, மாலையில் இரண்டு. இதைக் கொண்டே வாளியை 19, 20 டிகிரியில் ஆறு நாள் நிறுத்தினேன். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐந்து ஈட்டிலும் ருசியில் பெரிய பாய்ச்சல் எங்கே நடந்தது என்று கேட்டால் இந்தத் தொட்டியைத்தான் காட்டுவேன்.

கிருமிநீக்கியில் ஒரு தப்பு செய்தேன். லிட்டருக்கு 1.5 மில்லி கலக்க வேண்டும், ஓரிரு நிமிடம் நனைந்திருந்தால் போதும். அது பொங்கிப் பொங்கி நுரைக்கும். அந்த நுரை பீரில் கலந்தால் கெடுதல் என்று நினைத்து வாளியைக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். சுத்தமான வாளியை மறுபடி அசுத்தமாக்கிய வேலை அது. நுரை இருந்தால் இருக்கட்டும். கரைசல் நீர்த்துவிட்டால் அது பீரை ஒன்றும் செய்யாது.

சர்க்கரையையும் இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். லிட்டருக்கு 6 கிராம் என்று எடைபோட்டு, 300 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றி, இன்னொரு வாளியின் அடியில் பாகை ஊற்றி, அதன்மேல் பீரைச் சுழலும்படி சைஃபன் குழாயில் இறக்கினேன். பாகு முதலில், பீர் அடுத்தது. மாற்றிச் செய்தால் பாகு அடியில் தங்கிக் கடைசி பாட்டில்களுக்கு மட்டும் போகும்.

நான்காம் வாரம் நான் வடித்ததில் நல்ல பீர் என்று சொல்லக்கூடிய முதல் பீரைக் குடித்தேன். பிஸ்கட் மணம், மிதமான கசப்பு, பின்னால் லேசான இனிப்பு. ஆறாம் வாரம் வாயு கூடியது. ஏழாம் வாரம் திறந்த பாட்டில்கள் எல்லாம் பொங்கின, மெல்லிய புளிப்பு வந்தது. ஓர் இரவு அட்டைப்பெட்டிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது.

மறுநாள் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, பாட்டில்களை நன்றாகக் குளிரவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். கொட்டும் முன் ஒரு பாட்டில் பீரை இரண்டு தம்ளருக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை விரட்டிவிட்டு அளந்தேன். அடைக்கும்போது 1.013 இருந்தது இப்போது 1.005. எட்டுப் புள்ளி. நான் போட்ட ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரையை வேறேதோ உள்ளே புகுந்து தின்றிருக்கிறது. எட்டுப் புள்ளி என்றால் பீரின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு கூடுதல் வாயு. பாட்டில் தாங்காததில் வியப்பில்லை.

எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு வாரம் ஆனது. வாளியின் உள்பக்கத்தில் கீறல் தேடினேன், ஏர்லாக்கைப் பார்த்தேன், சைஃபன் குழாயைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். கடைசியில் வாளியின் அடிக்குழாயைக் கழற்றினேன். வெளியே பளபளவென்று இருந்தது. அது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு பிளாஸ்டிக் உருளைகள் என்பது அன்றுதான் தெரிந்தது. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் உள் உருளை வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம். முதல் ஈட்டிலிருந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கி அதன் வழியாக ஓடியிருக்கிறது, ஆனால் அந்த இடுக்கைத் தொடவே இல்லை. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கிருமி நீக்கம். இரண்டும் தனித்தனி வேலை.

குழாய் உள்ள வாளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தவுடன் அதைக் கழற்றிப் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு ஈட்டுக்கும் கழற்றி, சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, சிறு பிரஷால் தேய்த்து, கிருமிநீக்கியில் முக்கிய பிறகே மாட்டுகிறேன். பாட்டில் நிரப்பும் குழலின் நுனியில் இருக்கும் சிறு வால்வுக்கும் இதேதான். நொதிக்கும் வாளியோ குழாயே இல்லாத வேறொரு வாளி. குழாய் உள்ளது இப்போது பாட்டில் நிரப்பும் நாளுக்கு மட்டும்.

நான்காம் ஈடு: தானியத்திலிருந்து

இங்கேதான் செலவில் அவசரப்பட்டேன். தூளை விட்டு முழுத் தானியத்திலிருந்து வடிக்க ஆசை வந்தது. 33 லிட்டர் எவர்சில்வர் பானையும் அதைத் தாங்கும் பெரிய பர்னரும் வாங்கினேன். அதுவரை வாங்கிய அத்தனையையும் கூட்டினாலும் இந்த இரண்டின் விலைக்கு வரவில்லை. தனித்தனிப் பாத்திரம் இல்லாமல், ஒரே பானையில் மெல்லிய வலைத்துணிப் பைக்குள் தானியத்தை ஊறவைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். பையை என் கையாலேயே தைத்தேன். தையல் இரட்டையாக இருக்க வேண்டும். ஊறிய தானியம் பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், அதைச் சூடாகத் தூக்க வேண்டும்.

4.5 கிலோ பேல் மால்ட் (வெளிர் நிற அடிப்படை மால்ட்), 300 கிராம் கிரிஸ்டல் மால்ட், 28 லிட்டர் தண்ணீர். தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தை இறக்கினால் கலவை 67-இல் நிற்கும். தானியம் விழுந்ததும் மட்டம் 31 லிட்டரைத் தொட்டது. பானையில் மிச்சம் இருந்தது நாலு விரல்கூட இல்லை. மூடிப் போர்வை சுற்றி ஒரு மணி நேரம். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, கையுறை போட்டுப் பிழிந்தேன்.

ஒரு மணி நேரக் கொதிக்குப் பின் 21 லிட்டர் நின்றது. அளவு 1.048 வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தது 1.036. அந்தத் தானியத்தில் இருக்கும் சர்க்கரையில் பாதியை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். முடிவு அளவு 1.013, அதாவது ஆல்கஹால் 3 சதவீதம். கெட்டுப்போகவில்லை, வாடை இல்லை. மெலிந்த, லேசாகச் சர்க்கரை தங்கிய பீர்.

இரண்டு தப்புகள் ஒன்றாக நடந்திருந்தன. முதலாவது, அரைத்து வாங்கிய மால்ட்டைக் கையில் அள்ளிப் பார்க்கவே இல்லை. மீந்த ஒரு பிடியைப் பிறகு தாளில் பரப்பிப் பார்த்தால் நாலில் ஒரு தானியம் உடையாமல் முழுசாக இருந்தது. முழுத் தானியம் ஊறும், சர்க்கரை தராது. இரண்டாவது, வெப்பமானி. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த தம்ளரில் வைத்தபோது 0 காட்ட வேண்டியது -3 காட்டியது. மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது. நான் 67 என்று நினைத்த ஊறல் உண்மையில் 70. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் உருவாகும், அதனால்தான் 1.013-க்குக் கீழே இறங்கவில்லை. பானைக்கு அவ்வளவு செலவழித்தவன், அதற்குள் வைக்கும் வெப்பமானியைச் சோதிக்கவில்லை.

ஆற வைப்பதும் இழுத்தது. 7 லிட்டர் பானையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து அரை மணி நேரத்தில் ஆற்றியிருந்தேன். 21 லிட்டருக்கு அதே தொட்டியில் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. திறந்த, இளஞ்சூடான வோர்ட் அத்தனை நேரம் காற்றில் நிற்பது நல்லதல்ல.

ஐந்தாம் ஈடு

இதற்கு முன் மூன்று மாதம் எதுவும் வடிக்கவில்லை. சாமான் சேர்த்தேன்.

முதலில் செப்புச் சுருள். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெத்தென்ற செப்புக் குழாய் 10 மீட்டர். சிறிய பானை ஒன்றைச் சுற்றி, அவசரமில்லாமல், ஒவ்வொரு கை அளவாக வளைத்தேன். வேகமாக வளைத்தால் மடிந்துவிடும். மடிந்த இடத்தில் தண்ணீர் ஓடாது, நிமிர்த்தவும் முடியாது. இரு முனைகளையும் பானை விளிம்பைத் தாண்டி வெளியே வளைத்து விட்டேன். ரப்பர் குழாயும் கிளிப்பும் சேரும் இடம் பானைக்கு நேர்மேலே இருக்கக் கூடாது. ஒரு சொட்டுக் கசிந்தாலும் காய்ச்சாத தண்ணீர் வோர்ட்டில் விழும். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவிவிட்டு, கொதியின் கடைசி 15 நிமிடம் சுருளைப் பானைக்குள் இறக்கினால் தனியாகக் கிருமி நீக்க வேண்டியதில்லை. 24 டிகிரிக்கு வர 28 நிமிடம். சும்மா விட்டால் இதைவிட நேரமாகும். சுருளைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்ததில்தான் இந்த வேகம் வந்தது.

அடுத்தது பழைய ஃபிரிட்ஜ். வாங்கும் முன் உள்ளளவை அளந்தேன், அப்படியும் வாளி உட்காரவில்லை. பின்பக்க அடியில் கம்ப்ரசருக்காக உள்ள மேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. மேட்டின் உயரத்துக்கு ஒரு மரப்பலகை அடித்து அதன்மேல் வைத்தேன். வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. ஃபிரிட்ஜின் பிளக் அதில், அதன் உணர்முனை வாளியின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச். உணர்முனையைக் காற்றில் தொங்கவிட்டால் அது ஃபிரிட்ஜின் குளிரைத்தான் படிக்கும், பீரின் சூட்டைப் படிக்காது. கம்ப்ரசர் ஒருமுறை நின்றபின் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடும்படி வைத்தேன், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் சீக்கிரம் கெடும்.

மால்ட்டை இரண்டு தடவை அரைக்கச் சொல்லி வாங்கினேன். தாளில் பரப்பிப் பார்த்தேன். உமி கிழிந்திருந்தது, முழுத் தானியம் அங்கொன்று இங்கொன்று. வெப்பமானி புதிது, பனிநீரில் சோதித்தது.

பொருள்களின் அளவு நான்காவதைப் போலவே. கோல்டிங்ஸ் ஹாப்ஸ், ஆல்பா அமிலம் (கசப்பு தரும் பொருள்) 5.5 சதவீதம்: ஒரு மணி நேரக் கொதிக்கு 45 கிராம், கடைசி 10 நிமிடத்துக்கு 20, அடுப்பை அணைத்ததும் 20. ஈஸ்ட், சஃபேல் எஸ்-04, 11.5 கிராம் பொட்டலம் ஒன்று. தொடக்க அளவு 1.047. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் குழலை மறுபடி நிரப்பி இன்னொரு தடவை அளந்தேன். 1.047-தான்.

அடி வண்டலை விட்டுவிட்டு 19 லிட்டரை வாளிக்கு மாற்றினேன். வோர்ட்டை 19 டிகிரிக்கு இறக்கிய பிறகே ஈஸ்ட். கட்டுப்பாட்டுக் கருவியில் 18.5. பதினான்கு மணி நேரத்தில் நுரை கட்டியது. நாலு நாளில் அடங்கியது. ஐந்தாம் நாளிலிருந்து 20-க்கு ஏற்றினேன். கடைசியில் சற்றுச் சூடு கொடுத்தால் ஈஸ்ட் தான் உண்டாக்கிய வேண்டாத பொருள்களைத் தானே துப்புரவாக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் நாள் அளவு 1.011. ஆல்கஹால் 4.7 சதவீதம். இரண்டு நாள் ஃபிரிட்ஜை 4 டிகிரிக்கு இறக்கினேன். அந்த இரண்டு நாளில் ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படிந்துவிட்டது.

வண்டலுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிட்டதால் 18 லிட்டர்தான் எடுத்தேன். 108 கிராம் சர்க்கரை, 36 பாட்டில். அறை வெப்பத்தில் மூன்று வாரம், பிறகு குளிரில் ஒரு நாள். நேற்று திறந்தது அதில் ஒன்று. மேலே பிஸ்கட் மணம், ஹாப்ஸில் கொஞ்சம் மண்ணும் பூவும் கலந்த வாசம், கசப்பு நாக்கில் ஏறி இறங்கியபின் இன்னொரு வாய் கேட்கிறது. ஒரு குறை சொல்ல வேண்டும்: நுரை சீக்கிரம் படுத்துவிடுகிறது. தம்ளரில் பாத்திரச் சோப்பின் எண்ணெய்ப் பசை இருந்தால் அப்படி ஆகும். அடுத்த பாட்டிலுக்குத் தம்ளரைச் சலவைச் சோடாவில் கழுவிப் பார்க்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்

ஹைட்ரோமீட்டர், நம்பகமான வெப்பமானி, கேம்டன் மாத்திரை, கழுவத் தேவையில்லாத கிருமிநீக்கி, குழாயில்லாத வாளி, சமையல் தராசு. இவை முதல் நாள். தண்ணீர்த் தொட்டியும் உறைநீர்ப் பாட்டிலும் அதே நாள். இவற்றை வைத்துக்கொண்டு உலர் மால்ட் தூளில் மூன்று ஈடு போடுவேன், 10 லிட்டர்ப் பானை அதற்குத் தாராளம். பிறகு ஃபிரிட்ஜ். பெரிய பானையும் பர்னரும் செப்புச் சுருளும் அதற்கும் பிறகு. தூளில் வடித்து 19 டிகிரியில் நொதித்த என் மூன்றாம் ஈடு, கிருமி கெடுக்கும் முன்பு, பெரிய பானையில் தானியத்திலிருந்து வடித்த நான்காம் ஈட்டைவிட நன்றாக இருந்தது. நாக்கு அதை மறக்கவில்லை.

ஹாப்ஸ் மொத்தமாக வாங்குவதில் லாபம் உண்டு, ஆனால் பிரித்த பொட்டலத்தைக் காற்று வெளியேற்றி மூடி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அறையில் விட்டால் சில மாதத்தில் பாலாடைக்கட்டி வாடை வரும். அரைத்த மால்ட் சில வாரத்தில் மங்கும். அதனால் ஓர் ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். கையால் சுற்றும் அரைவை இயந்திரம் ஒன்று வாங்கினால், உருளைகளின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நானே வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் இப்போது சேமிக்கிறேன்.

ஆறாவது ஈட்டில் ஒரே வோர்ட்டை இரண்டு சிறு வாளிகளில் பிரித்து, ஒன்றில் எஸ்-04, இன்னொன்றில் ஏல் வகை பீருக்கான அமெரிக்க ஈஸ்ட். ஃபிரிட்ஜில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமா என்று காலி வாளிகளை வைத்துப் பார்த்துவிட்டேன். உட்காருகின்றன. கதவு ஒரு விரற்கடை மட்டும் சாத்த மறுக்கிறது. ஏர்லாக்கின் உயரம்தான் இடிக்கிறது, அதைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைச் செருகி நுனியைக் கிருமிநீக்கித் தம்ளரில் முக்கிவிடப் போகிறேன்.